நாற்காலியா, நாலு ஏக்கரா?

சென்னைக்கு 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அந்த டெட்ராய்ட்டின் வாசற்படி எங்கள் படப்பை. காலை ஏழு மணிக்கு வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் வந்து நின்று பாருங்கள். கம்பெனி பஸ், கம்பெனி வேன், மறுபடி கம்பெனி பஸ் என்று ஒரகடம் பக்கம் ஊர்வலம் போகும். லாரி, பைக், டயர் என்று சக்கரம் சம்பந்தப்பட்ட சகலமும் அங்கே தயாராகிறது. ரோட்டைக் கடக்க வேண்டும் என்றால் மட்டும் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டுதான் கால் வைக்க வேண்டும்!

ஆனால் 'டெட்ராய்ட்' என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்கிறவர்களிடம் ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்லியாக வேண்டும். ஒரிஜினல் டெட்ராய்ட் 2013 ஜூலையில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. கம்பெனி இல்லை ஸார், நகராட்சியே திவால்! 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊர். 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சம் சொச்சம். மிச்சப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இந்தப் பேச்சு எனக்கு எப்படி வந்தது என்றால், தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் தினமும் என்னோடு வரும் ஒரு தம்பி. டை கட்டிய தம்பி. ஒருநாள் ரிசர்வேஷன் பற்றிப் பேச்சு வந்தது. (ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆள் ஏறினால் அடுத்து அந்தப் பேச்சுதான் ஏறும்.) "அமெரிக்காவுல ஒபாமாவே வந்தாச்சு. நம்ம ஊர்ல கே.ஆர்.நாராயணன் 1997-லயே ஜனாதிபதி. ராம்நாத் கோவிந்த் 2017-ல. இன்னும் என்ன ஸார் வேணும் அவங்களுக்கு?" என்றான்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஆட்டோ போதாது. அதனால் இந்தப் பக்கம்.

முதலில் அமெரிக்காவிலேயே இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். 1973-ல் டெட்ராய்ட், அட்லாண்டா இரண்டிலும் முதன்முறையாகக் கறுப்பினத்தவர் மேயர் தேர்தலில் ஜெயித்தார்கள். டெட்ராய்ட்டில் கோல்மன் யங். அட்லாண்டாவில் மேனார்ட் ஜாக்சன். இரண்டு பேரும் 1974 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒரே மாசம், ஒரே மாதிரி நாற்காலி.

டெட்ராய்ட் மேயர் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்து முறை ஜெயித்து, இருபது வருஷம் ஆண்டார். ஆனால் அவர் உட்காரும்போதே கார் கம்பெனிகளும் வெள்ளைக்காரர்களும் ஊரை விட்டு வெளியே கிளம்பியாகிவிட்டது. அங்கே கறுப்பின மக்களின் வாழ்வு கார் கம்பெனிச் சம்பளத்தில் நின்றது. நல்ல சம்பளம், சொந்த வீடு, வாசலில் கார். எல்லாம் இருந்தது. கம்பெனி மட்டும் அவர்களுடையது இல்லை. கேட்டைப் பூட்டியதும் வீட்டுக்கு விலை போச்சு, வரி போச்சு, தெருவிளக்கு போச்சு. மேயரிடம் மிஞ்சியது பூட்டிய கடையின் சாவிக்கொத்து!

அட்லாண்டா கதை வேறு. அங்கே அடிமையாகப் பிறந்த அலோன்ஸோ ஹெர்ண்டன் என்பவர் முடிதிருத்தும் கடை வைத்துச் சம்பாதித்து, 1905-ல் இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆரம்பித்தார். 1921-ல் கறுப்பினத்தவரே நடத்தும் பாங்க் ஒன்று வந்தது. 1879-லிருந்தே மோர்ஹவுஸ் காலேஜ். மேனார்ட் ஜாக்சன் வந்து உட்காரும்போது அவருக்குப் பின்னால் காலேஜும் பாங்கும் கடைத்தெருவும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. அவர் செய்த முக்கியமான காரியம் ஒன்று. ஏர்போர்ட்டை விரிவுபடுத்தியபோது, 25 சதவீத கான்ட்ராக்ட் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். கொடுக்காவிட்டால் ஏர்போர்ட்டே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கொடுத்தார்கள், 1980-ல் புது டெர்மினலும் திறந்தது.

அட்லாண்டாவில் எல்லாரும் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடைவெளி அதிகமுள்ள அமெரிக்க நகரங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் அங்கே நாற்காலி, சொத்தைப் பெருக்கியது. டெட்ராய்ட்டில் நாற்காலிக்குக் கீழே தரையே இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 'கறுப்பினம்' என்ற இடத்தில் 'தலித்' என்று போட்டு, ஊர் ஊராகப் பாருங்கள். அச்சு அசலாக அதே கணக்கு!

நம்முடைய டெட்ராய்ட் எது? ஒரகடம் இல்லை. கோலார் தங்கவயல்! 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் போய்ச் சுரங்கத்தில் இறங்கின. 1902-லேயே அங்கே கரண்ட் வந்துவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினாரே, அதை அங்கே பாய்ந்து பாய்ந்து படித்தார்கள். பௌத்த சங்கம் வைத்தார்கள். அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சிக்கு எம்.எல்.ஏ. அனுப்பினார்கள். பக்கத்துக் கிராமத்தில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்தில், இங்கே பாண்ட் வாத்தியத்தோடு கல்யாணம்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் யாருடையது? கம்பெனியுடையது. குடியிருந்த லைன் வீடு? அதுவும் கம்பெனியுடையது! இன்றைக்குத் தங்கவயல் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். தாம்பரத்தில் ஃபுட்போர்டு அடிக்கிறவர்களுக்கு அந்த வலி புரியும்.

பம்பாயில் மகார் இளைஞர்கள் 1972-ல் 'தலித் பேந்தர்ஸ்' ஆரம்பித்தார்கள். 1966-ல் அமெரிக்காவில் பிறந்த 'பிளாக் பேந்தர்' இயக்கத்தின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். நாம்தேவ் தசாலின் கவிதை மராத்தி இலக்கியத்தையே உலுக்கியது. குரல் பெரிது. பணப்பை சிறிது. அந்தக் குறை தெரிந்துதானோ என்னவோ, 2005-ல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தலித் தொழிலதிபர்களுக்கென்றே ஒரு வர்த்தக சபை தொடங்கினார்.

ஆக்ராவுக்குப் போனால் தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறோம். பக்கத்திலேயே ஹிங் கி மண்டி என்று ஒரு செருப்பு மார்க்கெட். ஜாதவ் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஷூ தைக்கிறார்கள். சொந்தத் தொழில், சொந்தப் பட்டறை. அந்தப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள், அம்பேத்கர் இயக்கம் வளர்ந்தது. அட்லாண்டா மாதிரி ஆகியிருக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு சிக்கல், 'பர்ச்சி'! கூடை நிறைய ஷூ கொண்டு போய்க் கொடுத்தால் வியாபாரி காசு கொடுக்க மாட்டார், ஒரு சீட்டு கொடுப்பார். சில மாசம் கழித்துத்தான் பணம். அவசரம் என்றால் அதைத் தள்ளுபடியில் விற்றுவிட்டு வர வேண்டும். தைப்பது இவர், விலை வைப்பது அவர். கையில் தொழில் இருந்தும் கல்லாப் பெட்டி பக்கத்து வீட்டில்!

நம்ம சென்னை? 1945-லேயே என்.சிவராஜ் மேயர். அட்லாண்டாவுக்கு இருபத்தெட்டு வருஷம் முன்னாடி! 2022-ல் பிரியா ராஜன் மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா, செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்து 1930-ல் லண்டன் வட்டமேஜை வரை போன இரட்டைமலை சீனிவாசன் என்று நாற்காலி விஷயத்தில் நாம் சீனியர். ஆனால் மேயர் சங்கிலி கழுத்தில் ஏறிய அளவுக்குப் பத்திரம் கைக்கு வந்ததா?

இங்கேதான் எங்கள் படப்பை வருகிறது.

1891-ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் ஓர் அறிக்கை எழுதினார். சேரி மக்கள் இவ்வளவு உழைத்தும் ஏன் உருப்படவில்லை என்று நேரில் பார்த்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான். காலுக்குக் கீழே சொந்த மண் இல்லாதவனுக்கு எது கொடுத்தாலும் தங்காது, நிலத்தைக் கொடுங்கள். 1892-ல் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதுதான் பஞ்சமி நிலம். பழைய ரெவின்யூ ஆட்கள் வாயில் 'டி.சி. லேண்ட்'. நிபந்தனையும் உண்டு. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது. அப்புறம் விற்றாலும் அதே சமூகத்தாருக்குத்தான் விற்க வேண்டும்.

சட்டம் பேஷாக இருக்கிறது. நிலம் எங்கே? கடனுக்குப் போனது, மிரட்டலுக்குப் போனது, சாராயத்துக்குக் கைநாட்டு வைத்துப் போனது. அந்த நிலத்தைத் திருப்பிக் கொடு என்று மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்து மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 102 வருஷத்துக்கு முன் சர்க்காரே எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டார்கள்.

அமெரிக்காவிலும் இது நடந்ததுதான். டல்ஸா நகரத்தில் கடை, ஓட்டல், தியேட்டர் என்று செழித்திருந்த கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதியை 1921-ல் வெள்ளைக்காரக் கும்பல் இரண்டே நாளில் கொளுத்தித் தள்ளியது. சொத்து இருந்தது. காப்பாற்ற ஒரு நாற்காலிகூட அவர்கள் பக்கம் இல்லை.

ஆக, டை கட்டிய தம்பிக்கு என் பதில் இதுதான். நாற்காலி மட்டும் கிடைத்தால் டெட்ராய்ட். சொத்து மட்டும் இருந்தால் டல்ஸா. இரண்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் அட்லாண்டா, அதுவும் அரைகுறையாக. ஜனாதிபதி யார் என்பதை வைத்து ஒரு சமூகத்தை அளக்காதே. காலையில் போகிற கம்பெனி பஸ்ஸை வைத்து அள. டிரைவர் யார் என்று கேட்காதே, பஸ் யார் பெயரில் இருக்கிறது என்று கேள். கான்டீன் கான்ட்ராக்ட் யாருக்கு? கம்பெனி எழும்பி நிற்கும் இடத்துக்கு முன்னாள் பட்டாதாரர் யார்?

மத்திய அரசு 2012-ல் ஒரு விதி போட்டது. அரசுத் துறைகள் வாங்கும் பொருளில் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். அட்லாண்டாவின் 25 எங்கே, நம்முடைய 4 எங்கே! அந்த நாலும் ஆண்டுக்கணக்காக எட்டாக்கனி. ஷேர் ஆட்டோவில் யாரும் இதைப் பேசுவதில்லை. வேலை ரிசர்வேஷனுக்கு மட்டும் எட்டுப் பேரும் எக்ஸ்பர்ட்!

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நல்ல காரியம். பெயர்ப்பலகை மாறட்டும். கூடவே பட்டாவிலும் பெயர் வரட்டும்.

இதில் உங்களுக்கும் எனக்கும் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. எங்கள் ரோட்டில் தடுக்கி விழுந்தால் பிளாட் விளம்பரம். எல்லா பிளாட்டும் தாம்பரத்திலிருந்து 15 நிமிஷம்தான். (ஹெலிகாப்டர் உங்கள் செலவு.) பி.எஃப். பணத்தையும் மனைவியின் வளையலையும் சேர்த்து அட்வான்ஸ் கொடுக்கும் முன், வில்லங்கச் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள். தாலுகா ஆபீஸில் பழைய நிலப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சமி நிலமாக இருந்தால் உங்கள் பத்திரம் செல்லாது. சர்க்கார் நஷ்டஈடு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் 1892-ம் வருஷத்துச் சொத்து.

கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, இது டி.சி. லேண்டா?"

புரோக்கர் உடனே "டீ சாப்பிடலாமா ஸார்" என்று பேச்சை மாற்றினால், டீயைக் குடித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.