தீர்ப்பில் இருந்த லிங்க் எங்கே போச்சு?

சிறுவர்களுக்கு வன்முறை வீடியோ கேம்களை விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டம் செல்லாது என 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிவோடு உடன்பட்டாலும் தனியாகக் கருத்து எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, ஆதாரமாக ஓர் இணைய முகவரியைக் கொடுத்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் காணாமல் போனது. டொமைனை வாங்கிய யாரோ ஒருவர், 'நல்லவேளை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீங்க இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டலையே' என்ற தொனியில் அங்கே ஒரு கிண்டலை எழுதி வைத்துவிட்டார்!

கிண்டலோடு போச்சு. அதே இடத்தில் ஒரு போலி அறிக்கையை வைத்திருந்தால்? தீர்ப்பைப் படிப்பவர் அதையே நீதிபதி பார்த்த ஆதாரம் என்று நம்பியிருப்பார்.

இது ஒரு தீர்ப்போடு நிற்கிற பிரச்னையும் இல்லை. அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள லிங்க்குகளில் பாதி, மேற்கோள் காட்டிய தகவலுக்குப் போகவே இல்லை என்று 2014-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு சொன்னது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டதாக 2024-ல் பியூ ஆய்வு மையம் கணக்கு சொன்னது.

லிங்க் ஏன் சாகிறது? டொமைனைப் புதுப்பிக்காமல் விடுவது ஒரு காரணம். ஆனால் பல நேரம் பக்கம் பத்திரமாகத்தான் இருக்கும். 'ரீடிசைன்' என்ற பெயரில் முகவரியை மட்டும் மாற்றியிருப்பார்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்ப '301 ரீடைரக்ட்' என்ற வசதி உண்டு. புதுத் தளத்துக்கு ஆகும் செலவில் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. செய்யாமல் விடுவதற்குப் பெயர் அலட்சியம்தான். முகவரியில் எழுதியவர் பெயர், துறையின் பெயர், ஃபைல் வகை எதையும் வைக்காதீர்கள், அவையெல்லாம் மாறும் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவிட்டார்.

ஆய்வுக் கட்டுரை உலகம் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டது. பல கட்டுரைகளுக்கு '10.' என்று தொடங்கும் டிஓஐ எண் ஒன்று உண்டு. வீடு மாறினாலும் போன் நம்பர் மாறாத மாதிரி, கட்டுரை எந்தத் தளத்துக்குப் போனாலும் எண் அதேதான். ஆனால் இதுவும் மந்திரம் இல்லை. பதிப்பகம் புது முகவரியைப் பதிவு செய்தால்தான் எண் வேலை செய்யும்.

பெரிய நிறுவனம்தானே, பார்த்துக்கொள்ளும் என்று நம்பினால்? 2009-ல் வந்த கூகுளின் 'கூ.ஜிஎல்' குறுஞ்சுட்டிகளை 2025 ஆகஸ்டோடு மொத்தமாக நிறுத்தப்போவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கடைசி நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் லிங்க்குகளை மட்டும் விட்டுவைத்தது.

முக்கியமான பக்கம் ஒன்றை மேற்கோள் காட்டப் போகிறீர்களா? இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்து, அன்றைய தேதியோடு ஒரு பிரதியைச் சேமித்து வையுங்கள். இலவசம்தான், பெரும்பாலும் ஒரு நிமிஷ வேலை.