மனை வியாபாரமும் மளிகைக் கடையும்



சமீப காலமாக நம் சங்கக் கூட்டங்களில் பருப்பு விலை, ஜி.எஸ்.டி., ஆன்லைன் கம்பெனிகளின் போட்டி ஆகியவற்றைவிட அதிகமாகப் பேசப்படுவது மனைதான். கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் பையிலிருந்து வண்ண நோட்டீசை எடுக்கிறார். பைபாஸ் ரோட்டுக்கு மிக அருகில், இன்று அட்வான்ஸ் போட்டால் ஒரு விலை, தை பிறந்தால் வேறு விலை என்கிறார். மறுநாள் காலையில் அதே நோட்டீஸ் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விடுகிறது. வணிகர்கள் நிலத்தில் முதல் போடுவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. நம் முன்னோர்கள் கடையில் மிஞ்சியதைக் கட்டடமாகவும் காணியாகவும் ஆக்கி வைத்ததால்தான் நம்மில் பலர் இன்று வாடகை கொடுக்காமல் கடை நடத்துகிறோம். எந்தப் பணத்தில் தொடங்குவது, யாரை நம்பித் தொடங்குவது என்பதில்தான் நமக்குச் சில கருத்துகள் உண்டு. சில நண்பர்களுக்கு அவை கசக்கலாம்.

முதலில் பணம். மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு, சில்லரைக் கடைக்காரர் மனை வாங்கிய செய்தி அவர் வாயால் வருவதில்லை. நம் பேரேட்டில் வருகிறது. பதினைந்து நாளில் பில் முடிப்பவர் முப்பது நாள் கேட்கிறார், பிறகு அறுபது நாள் ஆகிறது. பதினெட்டு வருடம் நம்மிடம் சரக்கு எடுத்த ஒரு நண்பர், 2016-ம் ஆண்டில் ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டில் இரண்டு மனைகளுக்குத் தவணை கட்டி வந்தார். கட்டியது பெரும்பாலும் எங்களைப் போன்ற மண்டிக்காரர்களுக்கு வரவேண்டிய பணம். அந்த லேஅவுட்டுக்கு முறையான அங்கீகாரம் இல்லை. அவர் பத்திரம் முடிப்பதற்குள், 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்து விட்டது. லேஅவுட் போட்டவர் போனை எடுக்கவில்லை. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது உண்மை. ஆனால் அதற்குள் தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, அவர் கடை அலமாரியில் பாதிச் சரக்கு இல்லை. வாடிக்கையாளர் இரண்டு முறை வந்து "இல்லை" என்ற பதிலைக் கேட்டால் மூன்றாம் முறை எதிர்க்கடைக்குத்தான் போவார். மனை இன்றும் இருக்கிறது. கடை இல்லை.

ஆகவே சுழலும் முதலைத் தொடக் கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு மாதம் ஒரு முறை சுழன்று, செலவு போக நூற்றுக்கு மூன்று ரூபாய் நின்றால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதே ஐந்து லட்சத்துக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 வீதம் 45,000; (2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், அதே நாளில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியும் விட்டார்கள்.) தரகு இரண்டு சதவீதம் என்றால் 10,000. விற்கும்போது மறுபடியும் தரகு. ஐந்து லட்சத்து அறுபத்தாறாயிரத்துக்கு விற்றால்தான் கைமுதல் திரும்பும். அதற்கு மேல் வருவதே லாபம். இது தெரிந்தும் கடையில் தேங்கிய உபரியை நிலத்தில் போடுபவர் புத்திசாலி. கொடுக்க வேண்டிய பாக்கியைப் போடுபவரை என்னவென்று சொல்வது?

இனி ஆட்களைப் பற்றி. மனைத் தொழிலில் இறங்கப் பெரிய பழக்கவழக்கம் வேண்டும், பெரிய மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். வணிகருக்கு இருக்கும் தொடர்பு வேறு யாருக்கும் கிடையாது என்பது நம் எண்ணம். ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்பது அதிகாரிக்குத் தெரியும் முன் நமக்குத் தெரிகிறது. புறநகரில் ஒரு சிறு கடைக்காரர் மாதம் இரண்டு மூட்டை சர்க்கரை எடுத்தவர் ஐந்து மூட்டை கேட்டால் அங்கே ஏதோ நடக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் டீத்தூளும் பீடியும் ரொட்டியும் போகும். குடி வந்த பிறகுதான் துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் போகும். ஐந்து கிலோ அரிசிப் பை போய் இருபத்தைந்து கிலோ சிப்பம் கேட்டால், குடும்பங்கள் நிலைத்து விட்டன என்று பொருள். சரக்கு இறக்கிவிட்டு வரும் டிரைவரைக் கேட்டால் எந்தத் தெருவில் புதிதாகத் தார் போட்டார்கள், எங்கே மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது என்பதை நோட்டீசில் இல்லாத அளவுக்குச் சொல்வார். 1996-ல் சென்னை கொத்தவால்சாவடியின் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியபோது அந்தப் பக்கம் எப்படி ஆனது என்பது மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். மார்க்கெட் போகும் திசையில்தான் ஊரும் போகிறது. அந்தத் திசையை அறிந்த நாம், யாரோ அச்சடித்த வரைபடத்தைப் பார்த்து இடம் வாங்குகிறோம்!

தரகர்களைப் பற்றிக் குறை சொல்வது எளிது. தரகர் இல்லாமல் நம் மண்டியே நடக்காது. மண்டியில் தரகர் சொன்ன மிளகாயை நாம் கைவிட்டுப் பார்க்காமல், குலுக்கிப் பார்க்காமல் வாங்குவோமா? நிலத்திலும் அவர் வேலை செய்தி கொண்டு வருவது. பத்திரம் பார்ப்பது அவர் வேலையல்ல. அதே சமயம், பேசிய தரகைக் குறைக்காமல், தள்ளிப் போடாமல் பத்திரப் பதிவு அன்றே கொடுத்து விடுங்கள். தரகரைத் தாண்டிச் சொந்தக்காரரிடம் நேரே போய்ப் பேசி, தரகை மிச்சப்படுத்தியதாகப் பெருமைப்படுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நல்ல இடம் விற்பனைக்கு வரும்போது அவர்களுக்குப் போன் வருவதில்லை.

பத்திரம் பார்ப்பதற்குச் சொந்த வக்கீல் வேண்டும், விற்பவருடைய வக்கீல் கூடாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பதால், அது சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உயில் அதில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. பதியாத குத்தகை வராது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரங்களை இன்றும் கொண்டு வந்து காட்டுகிறார்கள். தங்கை கையெழுத்து எங்கே என்று கேட்டால், "அது பிரச்சினை பண்ணாதுங்க" என்கிறார்கள். அந்தத் தங்கையை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக் கொண்டு சொந்தக்காரராகி விடலாம் என்பதும் நடக்காது. 2011-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லி விட்டது.

இன்று இளைஞர்களை அதிகம் இழுப்பது, நிலத்தை வாங்காமலே சம்பாதிப்பது. இருபது லட்ச ரூபாய் இடத்துக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதத் தவணை. அதற்குள் இருபத்து நான்கு லட்சத்துக்கு ஆள் பிடித்தால் சொந்தக்காரரிடமிருந்து நேரே அவருக்குப் பத்திரம், நடுவில் நமக்கு நான்கு லட்சம். கேட்க இனிக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் ஆறாம் மாதம் இரண்டு லட்சம் போய்விடும், அல்லது அட்வான்சைக் காப்பாற்ற வட்டிக்கு வாங்கி முழுப் பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இத்தகைய கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும். இவர்களோ முத்திரைத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்கிறார்கள். அட்வான்சும் ரொக்கம். நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் என்பது 2015 ஜூன் முதல் உள்ள சட்டம். இதைத் தொழில் என்று நாம் ஒப்புக் கொள்வதில்லை. தவணை வியாபாரத்தில் ஊறியவர்கள் கூட ஏன் இதில் விழுகிறார்கள் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்குவதை ஆதரிக்கிறோம், ஆனால் நான்கு பெயரிலும் பத்திரம் வேண்டும். "நம்ம அண்ணாச்சி பேரிலேயே இருக்கட்டும்" என்று விட்டால், அண்ணாச்சி இருக்கும்வரை சரி. அவர் பிள்ளைகள் காலத்தில் என்ன செய்வீர்கள்? மனைவி மக்கள் பெயரில் கணக்குக் காட்டிய பணத்தில் வாங்குவது வேறு. பிறத்தியார் பெயரில் வாங்கினால் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பினாமி சட்டத் திருத்தப்படி சொத்தும் பறிபோகும், ஏழாண்டு வரை சிறையும் உண்டு. யார் எவ்வளவு போட்டார், விற்பதென்றால் எத்தனை பேர் சம்மதம் வேண்டும், நடுவில் ஒருவருக்குப் பணமுடை வந்தால் அவர் பங்கை யார் என்ன விலைக்கு எடுப்பது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், நாம் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் வாடகைக்கு இருக்கும் கடையையோ குடோனையோ கேளுங்கள். இருபது வருடம் மாதம் தவறாமல் வாடகை கொடுத்த உங்களைவிட அந்தச் சொந்தக்காரருக்கு நெருக்கமான ஆள் யார்? அவர் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் என்றாவது விற்கத்தான் போகிறார்கள். அந்தக் கட்டடத்தில் எங்கே ஒழுகும், பக்கத்துக்காரரோடு என்ன தகராறு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாங்கிய மறுமாதமே வாடகை மிச்சம். பாங்கில் கடன் கேட்டாலும் பார்ப்பதற்குக் கண்ணெதிரே ஒரு கடை இருக்கிறது. லேஅவுட் மனைதான் வேண்டும் என்றால், ரெரா பதிவு எண்ணை வாங்கி இணையதளத்தில் சரி பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விற்க முடியாது. ஒப்பந்தத்தைப் பதியாமல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சங்க நிர்வாகி சொன்னார் என்பதற்காகப் பணம் கட்டும் சிறு வணிகர்கள் நம்மிடையே அதிகம். ஆகவே கூட்ட அரங்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மனை விற்பனை கூடாது என்று தீர்மானம் வேண்டும். அதற்குப் பதிலாக, உறுப்பினர் கொண்டு வரும் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல, கமிஷன் வாங்காத ஒரு வக்கீலை மாதம் ஒரு நாள் சங்க அலுவலகத்தில் உட்கார வைக்கலாம். அவர் கட்டணத்தைப் பத்திரம் கொண்டு வருபவரே கொடுக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறோம். மறுப்பவர்கள் தாராளமாக வந்து பேசலாம். நோட்டீஸ் கட்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.