சர்வகலாசாலையைப் பெற்றவர் யார்?

மத்திய காலத்து ஐரோப்பாவில் தோன்றிய சர்வகலாசாலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர்களிடையே ஒரு தீர்ப்பு விசாரணையின்றியே வழங்கப்பட்டு வருகிறது. அவற்றை ஸ்தாபித்தவர்கள் போப்பாண்டவர்களும் அரசர்களுமே என்றும், அங்கே தேவசாஸ்திரத்தைத் தவிர வேறொன்றும் கற்பிக்கப்படவில்லை என்றும், மாணவர்கள் வாய்பொத்திக் கேட்டு மனப்பாடம் செய்தார்களேயன்றி வினா எழுப்பவில்லை என்றும், அரிஸ்டாட்டில் எழுதிவைத்ததற்கு அப்பால் ஓர் அடியும் எவரும் எடுத்துவைக்கவில்லை என்றும் அந்தத் தீர்ப்புக் கூறுகிறது. மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் தமக்கு முந்தியவர்களை ஏளனம் செய்து எழுதியவற்றால் ஊட்டம் பெற்று, பாடப் புஸ்தகங்களின் வழியாகப் பரவிய இந்த அபிப்பிராயத்தில் உண்மையின் சாயல் சிறிது உண்டு. ஆனால் நான்கு கூற்றுகளையும் தனித்தனியே எடுத்துச் சரித்திரத்தோடு ஒப்பிட்டால், ஒன்றேனும் முழுமையாக நிற்பதாக இல்லை.

முதலாவது, ஸ்தாபித்தவர்களைப் பற்றிய கூற்று. பொலோஞா சர்வகலாசாலை 1088ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்டது என்பார்கள். அந்த ஆண்டில் அதற்கென எந்த அரசரும் சாசனம் பிறப்பித்ததில்லை. எந்தப் போப்பாண்டவரும் ஆணை அனுப்பியதில்லை. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழாவைக் கொண்டாடும் பொருட்டு, கவிஞர் கார்டூச்சியின் தலைமையில் அமைந்த குழு பொருத்தமென்று கருதிக் குறித்துக்கொண்ட ஆண்டு அது. உண்மையில் நடந்ததோ, இர்னேரியஸ் போன்ற ஆசிரியர்கள் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் ரோமானியச் சட்டத்தை அந்நகரில் விளக்கத் தொடங்க, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணவர்கள் வந்து குழுமியதே ஆகும். நகரத்துப் பிரஜைகளல்லாத அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஒருவன் பட்ட கடனுக்காக அவனுடைய நாட்டானாகிய மற்றொருவனின் பொருளைப் பறித்துக்கொள்வதும் வழக்கமாயிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெடெரிக் பார்பரோசா சக்கரவர்த்தி அந்த வழக்கத்தை விலக்கிச் சாசனம் அளித்தபோது, ஏற்கெனவே கூடியிருந்தவர்களுக்குக் காப்பளித்தாரேயன்றிப் புதிதாக எதையும் படைக்கவில்லை. பின்னர், கைவினைஞர்கள் தத்தம் தொழிலுக்குச் சங்கம் அமைத்துக்கொண்ட முறையிலேயே, அந்நிய மாணவர்களும் நாட்டுவாரியாகச் சங்கங்கள் கண்டு, தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்துகொண்டதே அச்சர்வகலாசாலையின் பிறப்பு.

பாரிஸில் சங்கம் கண்டவர்கள் ஆசிரியர்கள் என்பது ஒன்றே வேற்றுமை. 1200ஆம் ஆண்டில் ஒரு மதுக்கடையில் மூண்ட சச்சரவு கலகமாகி மாணவர் சிலர் உயிரிழந்த பின்னரே பிலிப் அகஸ்டஸ் மன்னர் அவர்களுக்குச் சலுகைகள் வழங்கினார். 1229இல் மறுபடியும் கலகம் மூண்டு, காவற்படையினரால் மாணவர்கள் கொல்லப்பட்டபோது, ஆசிரியர்கள் பாடங்களை நிறுத்திவிட்டு நகரத்தையே விட்டு வெளியேறினார்கள். ஈராண்டுகள் கழித்து அவர்களைத் திருப்பிக் கொணரும் பொருட்டு ஒன்பதாம் கிரெகரி போப்பாண்டவர் அளித்த சாசனம், குறைகள் தீர்க்கப்படாவிடின் பாடங்களை நிறுத்திவைக்கும் உரிமையையே அவர்களுக்கு எழுத்தில் வழங்கிற்று. 1209இல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண்ணின் கொலையையொட்டி மாணவர்கள் தூக்கிலிடப்பட, அங்கிருந்து கலைந்தவர்களுள் ஒரு சாரார் சென்று கூடியதால் கேம்பிரிட்ஜ் உண்டாயிற்று; 1222இல் பொலோஞாவிலிருந்து பிரிந்தவர்களால் படுவா உண்டாயிற்று. பிரிந்துசெல்வது அவ்வளவு எளிதாயிருந்ததற்குக் காரணம், ஆரம்ப காலத்தில் இச்சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லாமையே. வாடகை அறையில், வைக்கோல் பரப்பிய தரையில் அமர்ந்து பாடம் கேட்டவர்கள் மூட்டை கட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும்? அவர்கள் போனால் வாடகையும் வியாபாரமும் போகும் என்பதை நகரத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

1224இல் இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி நேபிள்ஸில் ஆணையிட்டே ஒன்றை நிறுவவில்லையா என்று கேட்கலாம். நிறுவினார், தம் பிரஜைகள் வேறெங்கும் சென்று கற்கலாகாது என்று தடையும் விதித்தார். அத்தனை பலத்தோடு பிறந்தும் அது வேரூன்றாமல் தள்ளாடி, மீண்டும் மீண்டும் புனரமைக்கப்பட நேர்ந்தது. 1348இல் நான்காம் சார்லஸ் பிராகாவில் நிறுவியது போன்ற பிற்காலத்து ஸ்தாபனங்கள் நிலைபெற்றனவென்றால், பாரிஸும் பொலோஞாவும் வகுத்துவைத்த அமைப்பை அவை பின்பற்றியதே காரணம்.

இரண்டாவது, தேவசாஸ்திரம் ஒன்றே போதிக்கப்பட்டது என்பது. பொலோஞாவில் தேவசாஸ்திரத்துக்கென ஒரு பிரிவு 1360களில்தான் ஏற்பட்டது. அதற்குள் அந்நகரத்துச் சட்ட ஆசிரியர்களின் புகழ் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. மான்ட்பெல்லியரின் பெருமை வைத்தியத்தில் இருந்தது. தேவசாஸ்திரத்தின் தலைநகரெனத் தக்க பாரிஸிலேயே, மாணவருள் பெரும்பாலோர் இலக்கணம், தர்க்கம், கணிதம், வானசாஸ்திரம் முதலியவற்றைக் கற்பித்த கலைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1215ஆம் ஆண்டு விதிகளின்படி கலைப் பிரிவில் போதிப்பதற்கு 21 வயதும் 6 ஆண்டுப் படிப்பும் போதும். தேவசாஸ்திரம் போதிப்பதற்கோ 35 வயதும் குறைந்தது 8 ஆண்டுப் படிப்பும் வேண்டும். அந்தச் சிகரம்வரை ஏறியவர்கள் சிலரே. மாணவர்கள் குருமார் வகுப்பினராகக் கருதப்பட்டனர் என்பது மெய்; ஆனால் அவர்கள் அதனால் அடைந்த முக்கியமான லாபம், நகர அதிகாரிகளின் விசாரணைக்கு உட்படாமல் திருச்சபை நீதிமன்றத்தின் நிழலில் ஒதுங்க முடிந்ததே.

மூன்றாவது, மாணவர்கள் வாய்பொத்தியிருந்தனர் என்பது. பொலோஞா மாணவர் சங்கத்தின் விதிகளைப் படிப்பவர்களுக்கு, அங்கே வாய்பொத்தியிருந்தவர்கள் மாணவர்களா ஆசிரியர்களா என்ற சந்தேகமே எழும். மணியடித்ததும் பாடம் தொடங்காத ஆசிரியருக்கு அபராதம். அடுத்த மணி அடித்த பின்னும் பேச்சை நீட்டியவருக்கு அபராதம். கடினமான பகுதியை விளக்காமல் தாண்டிச் சென்றவருக்கு அபராதம். ஐந்து மாணவரேனும் வந்து அமராவிட்டால், ஆசிரியரே வரவில்லையென்று பாவித்து அதற்கும் அபராதம். ஊரைவிட்டு வெளியே போவதானால், திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டே அவர் புறப்பட வேண்டும். பாரிஸில் மாணவர்களுக்கு இத்தகைய அதிகாரம் இல்லையெனினும், பாடம் கேட்பதற்குச் சமானமாக வாதம் புரிவதும் அங்கே கல்வியின் அங்கமாயிருந்தது. நம் சாஸ்திரகாரர்கள் பூர்வபக்ஷத்தை முதலில் நிறுத்திப் பின்னரே சித்தாந்தத்தைச் சொல்வதுபோல, தம் முடிவுக்கு எதிரான காரணங்களையெல்லாம் முன்வைத்து, பிறகு தம் கொள்கையை நாட்டி, எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் விடையிறுப்பது அவர்களுடைய முறை. தாமஸ் அக்வினாஸின் பெருநூல் இந்த அமைப்பிலேயே இயற்றப்பட்டது. இவையன்றி, எவரும் எதைப் பற்றியும் வினவலாம் என்று சபையைத் திறந்துவிட்ட விவாதங்களும் ஆண்டுதோறும் நடந்தன.

நான்காவது கூற்று, அரிஸ்டாட்டிலைப் பற்றியது. விஷயத்தைத் தலைகீழாகக் காட்டுவதில் இதற்கு இணை வேறில்லை. டொலேடோவில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு முதலியோர் அரபு மொழியிலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளின் வழியாக அரிஸ்டாட்டிலின் இயற்கை சாஸ்திரம் பாரிஸை அடைந்தபோது, அதைப் புராதனப் பிரமாணமென்று எவரும் தலைமேல் வைத்துக் கொண்டாடவில்லை. அபாயகரமான புதுமையென்றே பலர் அஞ்சினர். 1210இல் பிஷப்புகளின் சபையொன்று அந்நூல்களைப் பாரிஸில் போதிக்கலாகாதென்று தடுத்தது. 1215இல் போப்பாண்டவரின் பிரதிநிதியும் அத்தடையை வற்புறுத்தினார். மதபேதத்தை ஒடுக்குவதற்கென்றே 1229இல் நிறுவப்பட்ட டூலூஸின் ஆசிரியர்களோ, பாரிஸில் தடுக்கப்பட்ட நூல்களை எங்களிடம் கேட்கலாம் என்று மாணவர்களுக்கு அழைப்பு விடுத்தார்கள்! 1255இல் பாரிஸ் கலைப் பிரிவே அந்நூல்களைத் தன் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அவ்வாறு சேர்த்துக்கொண்டவர்கள் அதோடு நின்றுவிடவுமில்லை. எறியப்பட்ட பொருள் ஏன் தொடர்ந்து செல்கிறது என்பதற்கு அரிஸ்டாட்டில் கூறிய காரணத்தைப் பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் பூரிடான் மறுத்துப் புதிய விளக்கம் தந்தார். சீராக வேகம் கூடிச் செல்லும் பொருள் கடக்கும் தூரத்தை அதன் சராசரி வேகத்தைக் கொண்டு கணிக்கும் விதியை ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியினர் கண்டனர். நிக்கோல் ஒரேம் அதைப் படம் வரைந்து நிரூபித்தார். இவையெல்லாம் கலிலியோ பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தவை.

இவ்வளவு கூறுவதால் அச்சர்வகலாசாலைகள் குற்றமற்றவை என்று ஆகிவிடாது. பெண்களுக்கு அவற்றின் வாயில் அடைத்தே இருந்தது. 1277இல் பாரிஸ் பிஷப் டாம்பியே 219 கருத்துகளைக் கண்டனம் செய்தபோது, அவருக்குத் துணைநின்று ஆலோசனை சொன்னவர்கள் தேவசாஸ்திர ஆசிரியர்களே. 1431இல் ஜோன் ஆஃப் ஆர்க் விசாரிக்கப்பட்டபோது, அந்தப் பேதைப் பெண்ணுக்கு எதிராகப் பாரிஸ் சர்வகலாசாலை அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தது. கல்லூரிக் கட்டடங்களும் மானியங்களும் பெருகப் பெருக, மூட்டை கட்டிப் புறப்படும் பழைய ஆயுதமும் முனை மழுங்கிற்று. ஆயினும் இவை ஒரு ஸ்தாபனம் வளர்ந்து அதிகாரத்தோடு உறவாடிய காலத்துக் குற்றங்கள். அதன் பிறப்புக்கு இவற்றைக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. போப்பாண்டவரும் அரசரும் முத்திரையிட்டார்கள் என்பது உண்மை. முத்திரை வருமுன்பே சங்கம் கூடியிருந்தது என்பதும் உண்மை. கற்கவும் கற்பிக்கவும் விரும்பியவர்கள் ஒன்றுகூடி, போராடிப் பெற்ற உரிமைகளின் மேல் எழுந்ததே மத்திய காலச் சர்வகலாசாலை என்பதே சரித்திரம் தரும் தீர்ப்பு.