பட்ஜெட் பயணம்: அந்தமானில் அரசுக் கப்பலேறி தீவு விட்டுத் தீவு போகலாமா?

அந்தமான் டூருக்குக் கணக்குப் போடும் குடும்பங்கள் முதலில் எழுதுவது இரண்டு செலவுகளைத்தான். ஒன்று விமான டிக்கெட், இன்னொன்று ஹோட்டல் அறை. மூன்றாவது செலவு அங்கே போய் இறங்கிய பிறகுதான் கண்ணில் படும். அதுதான் ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகும் கப்பல் கட்டணம்.

ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு தீவுகளையும் பார்த்துவிட்டுத் தலைநகர் திரும்ப மூன்று முறை கப்பல் ஏற வேண்டும். தனியார் ஏ.சி. கப்பலில் ஒரு முறைக்கு ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 12 டிக்கெட். ஆக, படகுக்கு மட்டுமே பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது.

அதே கடலில், அதே தீவுகளுக்கு, சில நூறு ரூபாயில் அரசுக் கப்பல்களும் ஓடுகின்றன. அப்படியானால் எல்லோரும் ஏன் அதில் போவதில்லை?

முதலில் பெயர்கள்

2018-ல் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' ஆனது, நீல் 'ஷாகித் த்வீப்' ஆனது. 2024-ல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கலாம். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் புரியும்.

டிக்கெட் எங்கே?

தீவுகளுக்கு இடையிலான கப்பல்களை அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை இயக்குகிறது. தலைநகரில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கவுன்டர் இருக்கிறது. ஆன்லைன் முன்பதிவும் வந்துவிட்டது. பயணிகள் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஹேவ்லாக் போக சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அதில் பெரும்பாலும் கண்ணாடிக்குள்தான் உட்கார வேண்டும். அரசுக் கப்பலில் மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்கலாம். குழந்தைகளுக்கு அதுவே பாதி டூர்!

சீட் யாருக்கு முதலில்?

சுற்றுலாப் பயணிகள் பலர் கோபப்படும் இடம் இதுதான். வரிசையில் நின்றும் சீட் கிடைக்காது. பக்கத்துக் கவுன்டரில் உள்ளூர்க்காரருக்குக் கிடைத்துவிடும், அதுவும் குறைந்த கட்டணத்தில்.

காரணம் இருக்கிறது. நமக்கு அது டூர் படகு, அவர்களுக்கு அது டவுன் பஸ். தீவில் முடியாத சிகிச்சைக்குத் தலைநகரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். கல்லூரி, அரசு அலுவலக வேலை எல்லாவற்றுக்கும் அதே கப்பல்தான். நீல் தீவு அந்தமானின் காய்கறித் தோட்டம். அங்கே விளைந்ததும் கடல் தாண்டித்தான் சந்தைக்கு வர வேண்டும். தீவுவாசிகளுக்கு முன்னுரிமை தருவது அதனால்தான்.

எனவே அரசுக் கப்பலை நம்பிப் போகிறவர்கள் தேதியைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் விடுமுறையில் நெரிசல் அதிகம். மூன்று பயணங்களில் ஒன்றுக்கு அரசு டிக்கெட் கிடைத்தாலும் லாபம்தான். மற்றதற்குத் தனியார் கட்டணத்தை பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

கடைசி இரவு தலைநகரில்

மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் ஒரே நாளில் பறிபோக ஒரு வழி உண்டு. காலையில் ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி, மதியம் விமானம் பிடிக்கத் திட்டமிடுவதுதான் அது. காற்றும் அலையும் கூடினால் அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் கப்பல் ரத்தாகும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் மீட்டு வந்தன.

விமானத்துக்கு முந்தைய இரவைத் தலைநகரிலேயே கழியுங்கள். ஓர் இரவு அறை வாடகை, நான்கு புது விமான டிக்கெட்டைவிட எவ்வளவோ மலிவு.

இறங்கிய பிறகு

ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கிலோமீட்டர். டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பஸ் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் விசாரியுங்கள். நீல் தீவு இன்னும் சிறியது. வாடகை சைக்கிளிலேயே ஒரே நாளில் சுற்றிவிடலாம்.

தலைநகரில் இன்னொரு மலிவான படகும் உண்டு. சாத்தம் துறையிலிருந்து பம்பூ ஃப்ளாட்டுக்கு உள்ளூர் மக்கள் வாகனங்களோடு ஏறிப் போகும் படகு அது. அங்கிருந்து பழைய மவுண்ட் ஹாரியட்டுக்குப் போகலாம். இப்போது பெயர் மவுண்ட் மணிப்பூர். சிவப்பு நிறப் பழைய 20 ரூபாய் நோட்டு பர்ஸில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் இருக்கும் கடலும் தென்னையும் அந்த மலையிலிருந்து தெரியும் காட்சிதான்.

சென்னையிலிருந்தே கப்பலில்?

போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுப் பயணிகள் கப்பல் மாதத்தில் சில முறை கிளம்புகிறது. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். பங்க் வகுப்பு மலிவு. ஆனால் புறப்படும் தேதி மாறலாம். ஒரு வார லீவில் போகிறவர்களுக்குப் போகவர ஆறு நாள் கடலிலேயே போய்விடும். ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி மாணவர்களும் யோசிக்கலாம்.

பையில் இருக்க வேண்டியவை

* அடையாள அட்டையின் அசலும் நகலும்
* கொஞ்சம் ரொக்கம்
* டாக்டரிடம் கேட்டு வாங்கிய வாந்தி மாத்திரை. கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்
* எலுமிச்சம்பழம், வயிற்றைக் கெடுக்காத இட்லி அல்லது பிஸ்கட்

தலைசுற்றினால் போனைப் பார்க்காமல் தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு.

பக்கத்து சீட்டில் மருத்துவமனை ஃபைலோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தால் ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கடல் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.