குஞ்சின் சொண்டும் கமக்காரரின் கத்தியும்

நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அருகே சில கோழிகளையும் வளர்க்கும் கமக்காரர் பலர், குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியவுடன் கத்தியைத் தேடுகின்றனர். சொண்டின் நுனியை வெட்டிவிட்டால் தொல்லை தீரும் என்பது அவர்தம் எண்ணம். வெட்டினாற் கொத்துதல் குறையும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், காரணத்தை விட்டு அதன் அடையாளத்தை வெட்டும் இவ்வழக்கம் கைவிடத்தக்கதே.

சொண்டு மனிதரின் நகத்தைப் போன்றது என்பர். இது பாதி உண்மையே. அதன் வெளிப்புறம் நகம் போன்ற பொருளால் ஆனது. இடையறாது வளர்ந்து, மண்ணையும் கல்லையும் கொத்துவதனாற் தேய்வது. உட்புறத்திலோ எலும்பும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள. தீனைத் தொட்டுணர்வதும் பொறுக்கியெடுப்பதும் இவ்வுறுப்பினாலேயே. ஆழ வெட்டுண்ட குஞ்சு இரத்தம் இழக்கும். நோவினால் தீனும் நீரும் கொள்ளாது மெலியும். வெட்டுண்ட நரம்பு முனைகள் கட்டிபோல் வளர்ந்து நெடுநாள் நோவு தரக்கூடும் என்பதும் ஆராய்ச்சியில் அறியப்பட்டுள்ளது. நோர்வே நாட்டில் 1974 ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. பெரும் பண்ணைகளிற் பயிற்சி பெற்றோர் தக்க கருவி கொண்டு செய்யும் வேலை வேறு. வீட்டுக் கத்தரிக்கோல் வேலை வேறு.

கொத்துதலின் காரணம் பெரும்பாலும் கூட்டிலேயே இருக்கின்றது. இடநெருக்கமே முதற்குற்றம். 4 வாரம் வரை குஞ்சொன்றுக்கு அரைச் சதுர அடியும், 8 வாரம் வரை 1 சதுர அடியும் வேண்டும். அடுத்தது வெப்பம். முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை சதமளவு போதும். பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைத்து வருதல் முறை. குஞ்சுகள் வளர்ந்த பின்னும் விளக்கைத் தாழவே தொங்கவிடுவோர் பலர். கண்கூசும் வெளிச்சமும் கொத்துதலைத் தூண்டும். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மட்டுமே தின்னும் குஞ்சுக்கு வேண்டிய புரதம் கிடைப்பதில்லை. நல்ல குஞ்சுத்தீனில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு புரதம் இருத்தல் வேண்டும். இரத்தங் கண்ட குஞ்சை அன்றே பிரித்துவிடவேண்டும். எட்டிக் கொத்தும் உயரத்திற் கீரைக்கட்டொன்றைத் தொங்கவிட்டால் குஞ்சுகளின் கவனம் அதன்பாற் செல்லும். தோட்டக்காரரிடம் கழித்த கோவா இலைக்குப் பஞ்சமில்லை. பூச்சிமருந்து தெளித்த இலை மட்டும் ஆகாது.

கத்தரிக்கோல்போல் மேற்சொண்டும் கீழ்ச்சொண்டும் விலகி நிற்கும் குஞ்சின் நிலை வேறு. இக்குறை பலவேளை பிறப்பிலேயே அமைவது. வளர வளர மிகுவது. பயோட்டின் என்னும் விற்றமின் குறைவினாலும் சொண்டு கோணக்கூடும். இக்குஞ்சு சிதறிய தானியத்தைப் பொறுக்கமாட்டாது. ஆழமான பாத்திரத்தில் நனைத்த தீனை வைத்து, மற்றக் குஞ்சுகள் தள்ளாதபடி தனியே உண்ணவிட்டால் சிறிதளவு கோணலுள்ளது பிழைத்துக்கொள்ளும். மிகையாக நீளும் நுனியைச் சிறு அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். உயிருள்ள பகுதியைத் தொடலாகாது. உண்ணவே இயலாத குஞ்சைப் பட்டினியில் வாடவிடுதல் இரக்கமன்று. பிழைத்து வளர்ந்ததன் முட்டையையோ, அத்தகைய சேவலையோ இனவிருத்திக்குக் கொள்ளலாகாது.

மாப்போல் அரைத்த தீன் ஈரத்துடன் சொண்டினுள் ஒட்டி இறுகிப் புண்ணாக்குவதும் உண்டு. சற்றுப் பருமனாக அரைத்துக் கொடுப்பதே இதற்குப் பரிகாரம். சொண்டின் ஓரத்திலும் கண்ணருகிலும் பொருக்குக் கண்டால் அது நுளம்பினாற் பரவும் கோழியம்மையாக இருக்கலாம். அவ்வேளையிற் பொருக்கை உரிக்காது, குஞ்சைப் பிரித்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நோயில்லாத குஞ்சுகளுக்குத் தடுப்பூசி உண்டு.