டர்போ போடலாமா, வேணாமா?

டிஸ்கி: கார் என்றால் நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், ஏசி வேலை செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் இப்போதே யூ-டர்ன் அடித்துவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். தங்கமணியே இந்த விஷயத்தில் அந்தக் கட்சிதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். என்னிடம் இருப்பது 2013 மாடல் சயான் எஃப்ஆர்-எஸ். "சயானா, அது எந்த ஊர் கம்பெனி?" என்று கேட்பவர்களுக்கு: டொயோட்டா அமெரிக்காவில் இளவட்டங்களைப் பிடிக்க நடத்திய பிராண்டு அது. 2016-ல் இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு இதே கார் இங்கே டொயோட்டா 86 ஆனது. சுபாரு கடையில் இதற்கே பிஆர்இசட் என்று பெயர். ரெண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரை, எடை 1250 கிலோ சொச்சம், பின் சக்கரத்துக்குப் போகிற பவர், கையால் போடுகிற ஆறு கியர். இவ்வளவுதான் கார். பின்சீட்டில் மனிதர்களை உட்கார வைக்க முடியாது, மளிகைப் பையை வைக்கலாம்.

இந்தக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் அந்த நோய் வரும். நண்பன் ஒருத்தன், அவனும் இதே கார்தான், போன வருஷம் டர்போ போட்டான். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டு. "மச்சி, இன்னும் எத்தனை நாளைக்குடா இதை இப்படியே உருட்டிக்கிட்டு இருப்ப? ஒரு தடவை என் வண்டியில உட்கார்ந்து பாரு, அப்புறம் பேசு." உட்கார்ந்தேன். ஓட்டியும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், 101-ல் ஏறுகிற ராம்ப்பில் மூன்றாம் கியரில் மிதித்தபோது வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தூக்கம் சரியாக வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். ஆணி புடுங்குகிற வேலையில் இருப்பவனுக்கு வேறென்ன தெரியும்?

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான குறை. இந்த எஞ்சினுக்கு 3500-லிருந்து 4500 ஆர்பிஎம் வரை ஒரு பள்ளம் உண்டு. முடுக்குவிசை ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று டொக் என்று கீழே விழுந்து, மறுபடி எழும். நெடுஞ்சாலையில் ஒருவரை முந்த நினைக்கிறபோது ஊசி சரியாக அந்தப் பள்ளத்தில்தான் நிற்கும். பக்கத்தில் வருகிறவர் கேம்ரி வி6 வைத்திருந்தால் (2018 முதல் 2024 வரை விற்றார்கள், 301 குதிரை) குழந்தை சீட், ஸ்ட்ரோலர் சகிதமாக நம்மைத் தாண்டிப் போய்விடுவார். டெஸ்லாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்துகொண்டு மாமா ஒருத்தரின் கேம்ரியிடம் தோற்பது ஒரு மாதிரியான அனுபவம். மானஸ்தர்கள் தாங்க மாட்டார்கள்.

டர்போ என்ன செய்யும்? எஞ்சின் தானாக உறிஞ்சுகிற காற்றைவிட அதிகக் காற்றைப் பிடித்துத் திணிக்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதோடு இன்னொரு 7 பிஎஸ்ஐ சேர்த்தால், ஏட்டுக் கணக்குப்படி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடுதல் காற்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூட ஊற்றலாம், பவரும் கூடும். டர்போவை எஞ்சின் விடுகிற புகையே சுற்றும். சூப்பர்சார்ஜரை எஞ்சினின் பெல்ட் சுற்றும், அதனால் சம்பாதித்ததில் கொஞ்சத்தை அதுவே தின்றுவிடும். ஆனால் மிதித்த உடனே பதில் கிடைக்கும். நிறைய சூப்பர்சார்ஜர்கள் இந்தப் பள்ளத்தை நிரப்புவதும் இல்லை, மொத்தக் கோட்டையும் தூக்கி மேலே வைக்கும், பள்ளமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது தனிக்கதை.

வில்லங்கம் எங்கே என்றால், காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றை சிலிண்டருக்குள் மறுபடி அழுத்துகிறோம். என் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 12.5-க்கு 1. டர்போ இல்லாமலே அது ரொம்ப அதிகம். அதன் மேல் டர்போவும் திணித்தால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். சின்னச் சுத்தியலால் பிஸ்டன் மண்டையில் அடிக்கிற மாதிரி. நாலு அடி தாங்கும், நாப்பது தாங்காது. இதைத் தடுப்பது ஆக்டேன். இங்கே கலிஃபோர்னியாவில் சாதாரண பங்க்கில் கிடைக்கிற உசத்தியான பெட்ரோலே 91-தான். வேறு மாநிலக்காரர்கள் 93 போட்டுக்கொண்டு "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்வதை இங்கே உட்கார்ந்து நம்பக் கூடாது. ஈ85 ஊற்றலாம், அது வெடிப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதிகமாகக் குடிக்கும், எல்லா பங்க்கிலும் கிடைக்காது.

இந்த இடத்தில் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது சுபாருவே செய்த காரியம். 2015 மாடல் டபிள்யூஆர்எக்ஸுக்கு இதே குடும்பத்து ரெண்டு லிட்டர் எஞ்சினில் டர்போ வைத்தார்கள், 268 குதிரை. சும்மா ஒரு டர்போவை எடுத்து மாட்டிவிடவில்லை. கம்ப்ரஷனை 10.6-க்கு இறக்கினார்கள். உள்ளே இருக்கிற சாமான்களை அந்த வேலைக்கென்றே செய்தார்கள். எஞ்சினைப் பெற்றவர்களே டர்போவுக்காக இத்தனை மாற்றவேண்டி இருந்தது. நாம் என்னடாவென்றால் வெளியே ஒரு பெட்டியை போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, லேப்டாப்பில் நாலு எண்ணை மாற்றி, உள்ளே எதையும் தொடாமல் அதே வேலையைச் செய்யச் சொல்கிறோம். செய்யும். எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி. சக்கரத்தில் 300 குதிரையைத் தாண்டினால் கனெக்டிங் ராடுகள் வளைந்துவிடும் என்பது இந்தக் கார்க்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த எல்லைக்குக் கீழேயே இருப்பேன் என்று எல்லாரும் சத்தியம் பண்ணித்தான் ஆரம்பிக்கிறார்கள். நண்பன் ஆரம்பித்தது 7 பிஎஸ்ஐ. இப்போது 9. "கொஞ்சம்தான் மச்சி" என்கிறான்.

எக்ஸெல் ஷீட்டுக்கு வருகிறேன். நான் விசாரித்த வகையில் கிட் 5500 டாலர். ஸ்டாக் கிளட்ச் இந்த விசையை ரொம்ப நாள் தாங்காது, அதற்கு 1000. ஆயில் கூலர் கட்டாயம், ஏனென்றால் ட்ராக்கில் இந்த எஞ்சினின் ஆயில் டர்போ இல்லாமலே கொதிக்கும், அதற்கு 700. மாட்டுகிற கூலி 2000. டைனோவில் ஏற்றி ட்யூன் பண்ண 700. ஹோஸ், கேஸ்கெட், "அடடா இதுவும் வேணுமே" வகையறாவுக்கு 500. ஆக மொத்தம் 10,400. என் காரை இப்படியே விற்றால் பத்து, பதினோராயிரம் வரும். டர்போ போட்டபிறகு விற்றாலும் அதே பத்து, பதினொன்றுதான், சொல்லப்போனால் குறையும். வாங்க வருகிறவன் "டர்போ போட்டிருக்கா? எப்படி ஓட்டியிருப்பான்?" என்று யோசிப்பான். நானே அப்படித்தான் யோசிப்பேன்.

இன்னொன்று, இந்த ஊர் சட்டம். கலிஃபோர்னியாவில் புகை சம்பந்தப்பட்ட எந்த உதிரியை மாற்றினாலும், அதற்கு ஏர் ரிசோர்சஸ் போர்டு கொடுத்த ஒரு அனுமதி எண் இருக்க வேண்டும். சில சூப்பர்சார்ஜர் கிட்டுகளுக்கு அந்த எண் இருக்கிறது. டர்போ கிட்டுகளில் அபூர்வம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் போகும்போது பானட்டைத் திறந்து பார்ப்பார்கள். 2021 ஜூலை முதல் காரின் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள் கம்பெனி கொடுத்ததுதானா என்பதையும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் சோதனைக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாவற்றையும் கழற்றிப் பழையதை மாட்டிக்கொண்டு போவார்கள். கராஜில் படுத்துக்கொண்டு விடியவிடிய போல்ட் கழற்றுகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. தெரிந்த ஒருவரைப் பிடித்து சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்றும் ஆள் வருகிறது. விசாவில் இருக்கிறவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது என் கட்சி.

பணமும் சட்டமும் ஒருபக்கம் இருக்கட்டும். லாட்டரி அடித்து, நெவாடாவுக்குக் குடிபோனால் போடுவேனா? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

இந்தக் காரின் தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா. டர்போ கூடாது, நாலு சக்கர டிரைவ் கூடாது, அதிகப் பிடிப்புள்ள டயர் கூடாது என்று மூன்று "கூடாது"களை வைத்துக்கொண்டு இதைச் செய்தார். டயரைப் பாருங்கள், வெறும் 215 அகலம், ப்ரியஸுக்குப் போடுகிற ஜாதி மிஷ்லான். கஞ்சத்தனம் மாதிரி தெரியும். ஆனால் ஹைவே 9-ல் சாரடோகாவிலிருந்து ஸ்கைலைனுக்கு ஏறிப் பார்த்தால் புரியும். 35 மைல் வேகத்திலேயே கார் பேச ஆரம்பித்துவிடும். முன்சக்கரம் எப்போது நழுவப்போகிறது, பின்பக்கம் எப்போது ஆடப்போகிறது, எல்லாம் உட்காருகிற இடத்தில் தெரியும். இரண்டாம் கியரில் 7400 வரை முழுசாக மிதித்தாலும் அறுபது மைல் பக்கம்தான் வரும். அதாவது ஒரு எஞ்சினை அதன் கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டு, போலீஸிடம் மாட்டாமல், எதிரே சைக்கிளில் வருகிறவரைப் பயமுறுத்தாமல் வீட்டுக்கு வரலாம். நண்பனின் காரில் அதே சாலையில் முழுசாக மிதித்தது ரெண்டு செகண்டு. அடுத்த வளைவு மூஞ்சிக்கு நேரே வந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் பாதி மிதியில், பிரேக்கில் கால் வைத்தபடியே ஓட்டினேன். இன்டர்கூலர், ஆயில் கூலர், குழாய் எல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால் தொங்குகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு ஒரு நொடி யோசித்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம், ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

"அப்போ அந்தப் பள்ளம்?" என்பீர்கள். டொயோட்டா அதற்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். 2022 மாடலாக வந்த ஜிஆர்86-க்கு டர்போ வைக்கச் சொல்லி உலகமே கத்தியது. வைக்கவில்லை. எஞ்சினை 2.4 லிட்டர் ஆக்கினார்கள். 228 குதிரை, உச்ச விசை 3700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பழைய காரில் பள்ளம் இருந்த அதே இடத்தில் இப்போது மேடு. என் காரின் விலையோடு அந்த 10,400-ஐக் கூட்டினால், நாலைந்து வருஷம் பழைய ஜிஆர்86 ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உண்மையிலேயே பவர்தான் வேண்டும் என்றால் அதை வாங்கலாம், இல்லை ஒரு பழைய கார்வெட்டை வாங்கலாம். வேறு காராக மாற்றப் பணம் கொடுப்பதைவிட வேறு காரையே வாங்கிவிடுவது மலிவு.

இதைச் சொன்னதும் நண்பன் கேட்டான், "அப்ப நான் என்ன முட்டாளா?" இல்லை. அவன் டெக்சாஸ்காரன், வேலைக்காக இங்கே வந்து ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறவன். நம்பர் ப்ளேட்டே அந்த ஊர்தான். அங்கே 93 ஆக்டேன் கிடைக்கும், சாலைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், வளைவு வேண்டுமென்றால் பல மணி நேரம் ஓட்டிப் போகணும். அந்த ஊரில் இந்தக் காரை வைத்துக்கொண்டு டர்போ போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கி இறக்கத் தயாராக 5000 டாலர் தனியாக வைத்திருக்கிறான். அப்படி ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டு, "போனா போகட்டும்" என்று சொல்ல முடிகிறவர்கள் தாராளமாகப் போடலாம். தினம் ஆபீஸ் போக இருக்கிற ஒரே காரில் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது.

நான் செய்யப்போவது இதுதான். 2017-ல் டொயோட்டா மேனுவல் காரின் ஃபைனல் டிரைவை 4.1-லிருந்து 4.3-க்கு மாற்றியது. அந்த டிஃபரன்ஷியல் பழைய காரில் அப்படியே உட்காரும், ஒவ்வொரு கியரிலும் 5 சதவீதம் கூடுதல் இழுவை, எஞ்சின் பக்கம் கைவைக்கவே வேண்டாம். பழைய சாமான் கடையில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல டயர் நாலு, பிரேக் பேட், கொதிக்காத பிரேக் ஆயில், கூடவே அந்த ஆயில் கூலர். மிச்சப் பணத்தில் ஆறேழு தடவை தண்டர்ஹில் ட்ராக்குக்குப் போகலாம், அதில் ரெண்டு தடவை பக்கத்தில் ஒரு வாத்தியாரை உட்கார வைத்துக்கொண்டு. போன தடவை அங்கே என்னைவிட 15 வயசு மூத்த அம்மா ஒருத்தர், டர்போ இல்லாத பழைய மியாட்டாவில், என்னை மூன்று சுற்றில் ரெண்டு தரம் தாண்டிப் போனார். அந்த மியாட்டா 130 குதிரைகூட இருக்காது.

தங்கமணியிடம் "டர்போ போடலைன்னு முடிவு பண்ணிட்டேன், பத்தாயிரம் மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னேன். "சரி, அந்தப் பத்தாயிரம் எந்த அக்கவுண்ட்ல இருக்கு?" என்று கேட்கிறார். டயர் ஆர்டர் போட்டதை இன்னும் சொல்லவில்லை.