நள்ளிரவுக் காய்ச்சலுக்கு மாநகராட்சி பதில் சொல்லட்டும்!

சென்னை மக்களே!

இரவு 11 மணி. கண்ணகி நகரில் ஒரு வீடு. மூன்று வயதுக் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கணவர் நைட் டியூட்டிக்குப் போயிருக்கிறார். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகக் கையில் காசில்லை. 108-ஐக் கூப்பிடுற அளவுக்கு இது அவசரமா, இல்லை விடியும்வரை பொறுக்கலாமா? அந்தத் தாய்க்குத் தெரியாது. சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

கடைசியில் என்ன நடக்கும்? ஷட்டரை இறக்கப்போகும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "காய்ச்சலுக்கு ஏதாவது குடு தம்பி" என்று கேட்பார். ஆக, ஏழைகளுக்கு இலவச மருத்துவ ஆலோசனை இந்த ஊரில் இன்றைக்கும் கிடைக்கத்தான் செய்கிறது. டாக்டரிடம் அல்ல, மருந்துக்கடை கவுண்டரில்!

இது சின்ன விஷயமா? இல்லை. டெங்குவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் தரவே கூடாது, ரத்தக்கசிவு ஆபத்து. அதோடு, டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். "சூடு குறைஞ்சிடுச்சு, பிள்ளை பிழைச்சிடுச்சு" என்று நாம் நிம்மதியாகும்போதுதான் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு எல்லாம் தலைகாட்டும். இதை எடுத்துச் சொல்ல ஒரு மருத்துவருக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு போன் கால் போதும்.

"மாநகராட்சியால அதெல்லாம் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஞாபக மறதி அதிகம். கொரோனா காலத்தில் இதே மாநகராட்சிதானே தொலைபேசி ஆலோசனை மையம் நடத்தியது? வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் போன் போட்டு, மூச்சுத்திணறல் இருக்கா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று விசாரித்தார்களே! தொற்று தணிந்தது, ஆட்சியாளர்களின் அக்கறையும் சேர்ந்து தணிந்துவிட்டது. பணக்காரன், ஏழை எல்லோருக்கும் பயம் இருந்தபோது போன் அடித்தது. ஏழைக்கு மட்டும் காய்ச்சல் என்றால் அடிக்காதா?

"104 இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, 2013-லிருந்து. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அது மாநிலம் முழுமைக்குமான எண். நாம் கேட்பது அடுத்த படி. போனில் பேசும் மருத்துவர், "நாளைக் காலை உங்க வார்டு சுகாதார நிலையத்துக்கு வாங்கம்மா, பேரைப் பதிஞ்சாச்சு" என்று சொல்ல வேண்டும். வராவிட்டால், செவிலியர் திரும்ப அழைக்க வேண்டும். அந்த நிலையங்களை நடத்துவது யார்? மாநகராட்சிதானே!

"போன்ல வைத்தியமா?" என்று கிண்டலடிப்பவர்களும் உண்டு. 2020 மார்ச் 25 அன்றே இதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் நாடு முழுமைக்கும் வந்துவிட்டன. முகம் பார்க்காமல், குரலை மட்டும் கேட்கும் முதல் அழைப்பில் சாதாரண மருந்துகளைத்தான் சொல்லலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. நேரில் பார்த்தாக வேண்டிய நோயாளியை நேரில் அனுப்பியே தீர வேண்டும். போன் டாக்டருக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் போகும் வழி.

வசதி உள்ளவர் செல்போன் ஆப்பில் காசு கட்டி நள்ளிரவிலும் டாக்டரிடம் பேசிவிடுகிறார். வீட்டு வேலை செய்யும் அக்கா, தூய்மைப் பணியாளர், தனியாக வாழும் தாத்தா, பாட்டி எங்கே போவார்கள்?

1688-ல் தொடங்கிய பழம்பெருமை வாய்ந்த மாநகராட்சி இது. பொதுச் சுகாதாரம் நகராட்சி அமைப்புகளின் பணி என்று அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையே சொல்கிறது. குப்பை அள்ளவில்லை என்றால் கூப்பிட 1913 இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிட மாநகராட்சிக்கு என்று ஒரு எண் வேண்டாமா?

நமது கோரிக்கைகள்:

1. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணமில்லாத, எளிதில் நினைவில் நிற்கும் ஒரே எண். பட்டன் போனிலும் வேலை செய்ய வேண்டும்.

2. ஒவ்வொரு அழைப்பும் அந்தந்தப் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைக்கப்பட வேண்டும்.

3. பதில் சொல்பவர்கள் பதிவுபெற்ற மருத்துவர்களாகவும் பயிற்சி பெற்ற செவிலியர்களாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலி வேண்டாம். நிரந்தரப் பணி வேண்டும்.

4. அழைப்பவரின் நோய் விவரம் எந்தத் தனியார் நிறுவனத்தின் கைக்கும் போகக் கூடாது.

200 வார்டுகள் கொண்ட மாநகராட்சி இது. உங்கள் கவுன்சிலரை இந்த வாரமே நேரில் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, நான் யாருக்குப் போன் பண்றது?"

பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!

#மாநகராட்சியே_போனை_எடு